கால்சியம் அயனிகளும் கொழுமியக் குமிழிகளும்

கொழுமியக் குமிழி என்பது இரட்டைக் கொழுமியப் படலத்தால் ஆன, உள்ளே நீர் நிறைந்த மிகச்சிறிய பை ஆகும். ஆய்வகத்தில் உருவாக்கப்படும் குமிழிகள் லிப்போசோம்கள் எனப்படுகின்றன. இவற்றை 1960களில் பிரித்தானிய அறிவியலாளர் அலெக் பாங்கம் விவரித்தார். நரம்பு முனைகளில் இயற்கையாகவே இத்தகைய குமிழிகள் உள்ளன. இவை ஒன்றோடொன்று ஒட்டுவதையும் இணைவதையும் கால்சியம் அயனிகள் தூண்டுகின்றன.

செயல்முறை

பாஸ்ஃபடிடைல்செரின் போன்ற கொழுமியங்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஆகவே அவற்றால் ஆன குமிழிகள் ஒன்றையொன்று விலக்குகின்றன. படலங்களின் மேல் ஒட்டியுள்ள நீர் அடுக்கும் அவை நெருங்குவதைத் தடுக்கிறது. இரு நேர்மின்னூட்டங்கள் கொண்ட கால்சியம் அயனி இவ்விரு தடைகளையும் நீக்குகிறது:

1. எதிர்மின்னூட்டத்தை ஈடுசெய்து விலக்கு விசையைக் குறைக்கிறது.
2. இரு குமிழிகளின் கொழுமியங்களுக்கிடையே பாலமாக அமைகிறது.
3. இடையிலுள்ள நீரை வெளியேற்றுகிறது. இதனால் படலங்கள் நிலைகுலைந்து ஒன்றாகின்றன.

மின்னூட்டம் நடுநிலையான பாஸ்ஃபடிடைல்கோலின் குமிழிகளில் இவ்விளைவு மிகக் குறைவு. மக்னீசியத்துக்கும் இரு நேர்மின்னூட்டங்கள் உண்டு. எனினும் அது பெரிய பாஸ்ஃபடிடைல்செரின் குமிழிகளை ஒட்டச் செய்யுமே தவிர, இணையச் செய்வதில்லை. எனவே மின்னூட்டம் மட்டுமே காரணமன்று. நீரை வெளியேற்றும் திறனும் முக்கியமானது.

1975இல் பாபஹாட்ஜோபௌலோசும் அவரது குழுவினரும், கால்சியம் சேர்த்த பாஸ்ஃபடிடைல்செரின் குமிழிகள் பாய் சுருட்டியது போன்ற உருளைகளாக மாறுவதைக் காட்டினர். கால்சியத்தை ஈடிடிஏ கொண்டு அகற்றியபோது அவை பெரிய குமிழிகளாக மாறின.

நரம்பு முனையில்

நரம்புச் செல்லுக்கு வெளியே கால்சியத்தின் செறிவு உள்ளிருப்பதைப் போல் ஏறத்தாழ 10,000 மடங்கு. மின்துடிப்பு வந்ததும் வாயில்கள் திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. உடனே குமிழிகள் செல் படலத்துடன் இணைந்து, தம்முள் உள்ள நரம்புக்கடத்தியை வெளியிடுகின்றன. வெறும் கொழுமியக் குமிழிகள் இணைவதற்குத் தேவைப்படும் கால்சியத்தைவிட இங்கு மிகக் குறைந்த அளவே போதுமானது. சினாப்டோடாக்மின் என்னும் புரதம் கால்சியத்தை உணர்ந்து இணைவைத் தூண்டுவதே இதற்குக் காரணம். குமிழிப் போக்குவரத்து பற்றிய ஆய்வுகளுக்காக ராத்மன், ஷெக்மன், சூடாஃப் ஆகியோர் 2013இல் நோபல் பரிசு பெற்றனர்.

கட்டுவிரியன் நஞ்சு

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் காணப்படும் கட்டுவிரியனின் நஞ்சு, குமிழி இணைவின் கட்டுப்பாட்டையே குலைக்கிறது. அதிலுள்ள பாஸ்ஃபோலைப்பேஸ் ஏ2 நொதி, கால்சியத்தின் துணையுடன் படலக் கொழுமியங்களைச் சிதைக்கிறது. நரம்பு முனைக்குள் கால்சியம் பெருகி, குமிழிகள் தீர்ந்துபோகின்றன, முனையும் அழிகிறது. செய்தி எட்டாத தசைகள் செயலிழக்கின்றன. முதலில் கண்ணிமைகள் சரியும். பின்னர் மூச்சும் தடைபடலாம்.

நஞ்சுமுறி மருந்து நஞ்சை நடுநிலையாக்கும். அழிந்த முனைகளைச் சீராக்காது. அவை மீண்டும் வளரும்வரை செயற்கைச் சுவாசமே உயிரைக் காக்கும். இப்பாம்பு பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குபவரைக் கடிக்கிறது. வலியும் வீக்கமும் பெரும்பாலும் இராது. ஆகவே வலி இல்லை என்று காத்திராமல், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.