கரையோரக் கலையும் ஒழுங்கும்



துறைமுக நடைபாதைகளிலும் கரையோரப் பூங்காக்களிலும் பாடியும் வித்தை காட்டியும் பொருள் பெறும் கலைஞர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். “இவர்கள் நினைத்த இடத்தில் நின்று பாடலாமா, சேர்?” என்று என் வகுப்பு மாணவி ஒருத்தி வினவினாள். அவ்வினாவுக்கு விடையாக இக்கட்டுரை அமைகின்றது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரை எடுத்துக்கொள்வோம். அங்கே எலியட் குடாவை நோக்கிய மேட்டில், 1907 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பைக் பிளேஸ் சந்தை உள்ளது. 2024 இல் திறக்கப்பட்ட நடைவழியொன்று அதனைக் கரையோரத்துடன் இணைக்கின்றது. சந்தை நிருவாகத்தின் அனுமதி பெற்ற கலைஞர்கள் நிற்கவேண்டிய இடங்கள், தரையில் இசைக்குறி வரைந்து காட்டப்பட்டுள்ளன. பிறர் காத்திருப்பின், ஒரு மணி நேரத்தின் பின் இடத்தை விட்டுக்கொடுத்தல் வேண்டும். ஒலிபெருக்கி கூடாது.

இத்தகைய விதிகள் ஏன்? கரையோர நடைபாதையின் ஒருபுறம் நீர்; கூட்டம் பெருகினால் ஒதுங்க இடமிராது. வழி அடைபட்டால் சக்கர நாற்காலியில் வருபவரும் நோயாளர் காவு வண்டியும் தடைப்படுவர். அமைதியான நீர்ப்பரப்பின்மேல் ஒலி நெடுந்தொலைவு செல்லும். வழிப்போக்கர் கேட்டுவிட்டு நடந்துவிடுவர். கடைக்காரரோ நாள் முழுதும் அதனையே கேட்கவேண்டும்.

ஆயினும், ஒழுங்கு வேறு, தடை வேறு. முன்னர் சியாட்டில் வீதிகளில் பாடுவதற்கும் அனுமதிப்பத்திரம் தேவைப்பட்டது. 1974 இல் ஜிம் பேஜ் என்னும் பாடகர் நகரசபையின் முன் தம் முறையீட்டைப் பாடலாகவே எடுத்துரைத்தார், அவ்விதி நீக்கப்பட்டது. பின்னர், அந்நகரின் சியாட்டில் சென்டர் என்னும் பொதுவெளியில், கலைஞர் முன்கூட்டியே அனுமதி பெற்று அடையாளச் சின்னம் அணியவேண்டும், வாய்திறந்து பணம் கேட்கலாகாது என விதிகள் வந்தன. பலூன் கலைஞர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். அவ்விதிகள் பேச்சுரிமைக்கு முரணானவை என 2009 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எங்கே நிற்பது, எவ்வளவு நேரம், எவ்வளவு உரத்து என்று கேட்கும் விதி அனைவரையும் காக்கின்றது. எதைப் பாடப் போகின்றாய் என்று கேட்கும் விதி அத்தகையதன்று. நான் ஆசிரியனாக இருந்த ஊரில், மாணவர் நாடகமொன்றைச் சந்தியில் ஆட விரும்பியபோது எம்மிடம் முதலில் கேட்கப்பட்டது அந்த இரண்டாவது கேள்வியே. எழுதிய நாடகத்தை ஆடாமலே மடித்து வைத்தோம். அதில் நடிக்கவிருந்த பிள்ளைகளின் முகங்கள் இன்றும் என் கண்முன் நிற்கின்றன.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் மிருதங்கத்துடன் ஒரு கரையோரத்தில் அமரக்கூடும். அவ்விடத்து விதிகளைப் படித்தறியுங்கள். பிறருக்கு வழிவிட்டு அமருங்கள். உங்கள் நேரம் முடிந்ததும் அடுத்தவருக்கு இடங்கொடுங்கள். ஆனால், ஒவ்வொரு விதியும் எதனைக் காக்கின்றது என்று வினவவும் தவறாதீர்கள். அவ்வாறு வினவக்கூடிய நாட்டில் நீங்கள் வளர்கின்றீர்கள் என்பதை மறவாதிருங்கள்.