ஃபிளைட் சிமுலேட்டரில் மெய்யான வானிலை: துணைநிரலைப் பொருத்தலும் பிழை காண்டலும்

விமானம் ஓட்டுதலைக் கணினித் திரையில் போலச் செய்து காட்டும் செயலி ஃபிளைட் சிமுலேட்டர் எனப்படும். அதில் மேகம், காற்று, அழுத்தம் ஆகியவற்றை நம் விருப்பப்படி அமைக்கலாம். அன்றி, அவ்வேளையில் மெய்யாகவே நிலவும் வானிலையை ஒரு துணைநிரல் வாயிலாக வருவித்துக்கொள்ளவும் கூடும். வானிலைப் பாடம் நடத்தும் ஆசிரியர்க்குப் பின்னதே பெரிதும் பயன்படும். ஆயினும் அதில் ஓர் இடர் உண்டு. செய்தி வந்து சேராதபோது துணைநிரல் பெரும்பாலும் அதனை அறிவிப்பதில்லை. தெளிந்த வானமும் அசையாக் காற்றும் 1013 மில்லிபார் அழுத்தமும் திரையில் நிற்கும். மாணவர் அதனையே அன்றைய வானிலையெனக் குறித்துக்கொள்வர்.

இத்துணைநிரல்கள் தரையை அடுத்த நிலைமையை மெட்டார் என்னும் விமான நிலைய அறிக்கையினின்றும், மேல்வானக் காற்றை அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். முன்கணிப்பினின்றும் பெறுவது வழக்கம். முன்னது பெரிய நிலையங்களில் அரைமணிக்கு ஒருமுறை வெளிவரும். பின்னது நாளொன்றுக்கு 4 முறை கணிக்கப்படும். இரண்டிலும் குறிக்கப்படுவது உலகப் பொது நேரமாகும். ஆதலின் நமது காலை 9 மணி அறிக்கையில் 0330 என்றிருத்தல் கண்டு, பழைய செய்தியென மயங்கலாகாது.

எக்ஸ்-பிளேன் 11-ஐ எடுத்துக்காட்டாகக் கொள்வோம். துணைநிரலின் கோப்புறையை ‘ரிசோர்சஸ்’ என்பதனுள் இருக்கும் ‘பிளகின்ஸ்’ கோப்புறையில் இடவேண்டும். சுருக்கப்பட்ட கோப்பை விரிக்கையில் ஒரே பெயருடைய கோப்புறை ஒன்றனுள் ஒன்றாக அமைந்துவிடுதல் உண்டு. அவ்வாறாயின் சிமுலேட்டர் அதனைக் காணாது. உட்கோப்புறையை வெளியே எடுத்து வைத்தாலே போதும். 11-க்கென எழுதப்பட்டவை, 2022-இல் வெளிவந்த 12-இலும் இயங்குமெனக் கொள்ளற்க.

இனி, செய்தி மெய்யாகவே வந்ததா என்று அறியும் வழி. விமானத்தைத் தில்லி பாலம் நிலையத்தின் ஓடுபாதையில் நிறுத்தி, மெட்டாரில் ‘கியூ’ என்னும் எழுத்தை அடுத்துவரும் எண்ணை உயரமானியில் பொருத்துக. முள் ஏறத்தாழ 700 அடிக்கும் 780 அடிக்கும் இடையே நிற்றல் வேண்டும். அந்நிலையத்தின் உயரம் அவ்வளவே. ஜூலை மாதத்தில் அறிக்கை 1000 மில்லிபார் என்றிருக்க, சிமுலேட்டர் 1013-லேயே நின்றுவிட்டதெனின், முள் ஏறத்தாழ 350 அடி குறைத்துக் காட்டும். மேகத்தினூடே இறங்கும் விமானி 200 அடி உயரத்தில் ஓடுபாதையைக் கண்டு முடிவுசெய்ய வேண்டியிருத்தலை எண்ணினால், இவ்வேறுபாட்டின் அளவு விளங்கும். குளிர்காலத்தில் இச்சோதனை ஏமாற்றக்கூடும். அப்போது அழுத்தம் 1013-க்கு அணித்தாகவே அமையலாம். அந்நாட்களில் காற்றின் திசையையும் பார்வைத் தொலைவையும் ஒப்பிடுக. பாலத்தில் மூடுபனி என்று அறிக்கை கூற, திரையில் அடிவானம் தெளிவாகத் தோன்றுமாயின் வேறு சான்று வேண்டுவதில்லை.

பிழை காணப்பட்டால் முதலில் திறக்கவேண்டியது, எக்ஸ்-பிளேன் கோப்புறையிலுள்ள ‘லாக்’ என்னும் பதிவுக் கோப்பே. துணைநிரலின் பெயரே அதில் இல்லையெனின் பொருத்தியதில் பிழை. பெயர் இருந்தும் செய்தி வராவிடின், கணினியின் ஃபயர்வால் தடுக்கின்றதா என்று பார்க்கவேண்டும். வானிலை நொடிக்கு நொடி மாறித் துள்ளுமாயின், சிமுலேட்டரின் சொந்த வானிலையும் துணைநிரலும் ஒருங்கே ஆட்சி செய்கின்றன என்பது பொருள். துணைநிரலின் கையேடு கூறுகிறபடி ஒன்றனை நிறுத்துக.

எல்லாம் சரியாயிருந்தும் பயனில்லையெனின், செய்தி தரும் முகவரியே மாறியிருக்கலாம். அமெரிக்க வானிலைத் துறையின் பழைய இணைய முகவரி 2016-இல் மூடப்பட்டபோது, அதனை நம்பியிருந்த ஃபிளைட்கியர் என்னும் இலவசச் சிமுலேட்டரின் முந்தைய பதிப்புகள் வானிலை பெறாமல் நின்றன. அந்நிலையில் புதிய பதிப்பை நிறுவுதலே வழி.