வெள்ளைப் புகை: ஆவியா, ஆபத்தா?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்ப முடியவில்லையா? கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்ரோல் முழுவதும் ஆக்டேன் என்றே வைத்துக்கொள்வோம். அதன் ஒரு மூலக்கூற்றில் 8 கார்பன் அணுக்களும் 18 ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. அந்த 18 ஹைட்ரஜன் அணுக்களும் உயிர்வளியோடு சேர்ந்து 9 நீர் மூலக்கூறுகள் ஆகின்றன. அதாவது, 114 கிராம் ஆக்டேன் எரிந்தால் 162 கிராம் நீர். ஒரு லிட்டர் பெட்ரோலின் நிறை சுமார் 740 கிராம். மீதியை நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். விடை ஒரு கிலோகிராமைத் தாண்டும்.

அவ்வளவு தண்ணீரும் புகைக்குழாய் வழியாகத்தான் வெளியே போகிறது. ஆனால், நாம் அதைப் பார்ப்பதில்லை. காரணம், நீராவிக்கு நிறமில்லை. கொதிக்கும் கெண்டியின் மூக்கை உற்றுப் பாருங்கள். மூக்குக்கு மிக அருகில் ஒன்றும் தெரியாது. சற்றுத் தள்ளித்தான் வெண்மை தொடங்கும். அந்த வெண்மை ஆவியன்று, ஆவி குளிர்ந்து சுருங்கிய நுண்ணிய நீர்த்துளிகள். காரின் புகையில் உள்ள ஆவி சுமார் 50 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் துளியாகத் தொடங்கும். கேமரன் மலையில் விடியற்காலையில் காரைக் கிளப்பினால் வெண்புகை எழுவது இதனால்தான். குழாய் சூடானதும் அது மறைந்துவிடும். குழாய் நுனியில் சொட்டும் தண்ணீரும் அப்படியே. பயப்பட ஒன்றுமில்லை.

“காலையில் வெள்ளைப் புகை சகஜம்” என்று குளிர் நாட்டார் சொல்வதை அப்படியே கிள்ளானுக்கோ ஜொகூர் பாருவுக்கோ கொண்டுவந்துவிடக் கூடாது. நம் தாழ்நிலப் பகுதிகளில் மெல்லிய இழை ஒன்று தெரியலாம். அதுவும் சில நிமிடங்களுக்குத்தான். நண்பகல் வெயிலில், பத்து கிலோமீட்டர் ஓடிய பிறகும் கார் வெண்மேகம் கக்கினால், எரிபொருளிலிருந்து வந்த நீர் மட்டும் அதற்குக் காரணமாக இருக்க முடியாது. வேறெங்கிருந்தோ தண்ணீர் உள்ளே வருகிறது. எங்கிருந்து?

எஞ்சினுக்குள் எரிபொருள் எரியும்போது வெப்பம் 2,000 டிகிரியைத் தாண்டும். அதற்கு மிக அருகிலேயே, சுமார் 90 டிகிரியில் கூலண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. எஞ்சினின் மேல்பகுதியான ‘ஹெட்’டும் கீழ்ப்பகுதியான ‘பிளாக்’கும் சேரும் இடத்தில் இவ்விரண்டும் கலந்துவிடாமல் தடுப்பது ‘ஹெட் கேஸ்கெட்’ என்னும் தகடு. அதன் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான்! எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் இதற்குத்தான் கேடு. பல கார்களில் ஹெட் அலுமினியத்தாலும் பிளாக் வார்ப்பிரும்பாலும் ஆனவை. ஒரே வெப்பத்துக்கு அலுமினியம் இரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது. ஹெட் நெளிகிறது, தகடு விட்டுக்கொடுக்கிறது.

அதன் பிறகு நடப்பதுதான் சுவாரசியம். கசிவு இரு திசையிலும் நடக்கும். எரிபொருள் வெடிக்கும் நொடியில் சிலிண்டரின் அழுத்தம் மிக அதிகம். அப்போது எரிந்த வாயு கூலண்டுக்குள் புகுந்து குமிழியிடும். எஞ்சினை நிறுத்தியதும் நிலைமை தலைகீழாகும். இப்போது கூலண்டின் அழுத்தமே அதிகம். அது சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குள் இறங்கும். இரவெல்லாம் நின்ற கார் காலையில் நடுநடுங்கிக் கிளம்பிப் பெரிய வெண்மேகத்தை விடுவதற்கு இதுவே காரணம். நிறையத் தண்ணீர் தேங்கிவிட்டாலோ இன்னும் மோசம். காற்றைப் போல் நீரை அமுக்க முடியாது. பிஸ்டன் அதில் மோதினால், அதைத் தாங்கும் இரும்புத் தண்டே வளைந்துபோகும்.

கூலண்டில் எத்திலீன் கிளைக்கால் கலந்திருக்கும். இதன் கொதிநிலை 197 டிகிரி. ஆகவே, வெறும் நீர்த்துளிகளைப் போல இது காற்றில் சட்டென்று மறையாது. தொங்கிக்கொண்டே நிற்கும், இனிப்பு வாடையும் அடிக்கும். (அதற்காகக் குழாயருகே மூக்கைக் கொண்டுபோகாதீர்கள். வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் அங்கேதான் வருகிறது.) தரையில் ஒரு சொட்டும் இல்லாமல் கூலண்ட் குறைந்துகொண்டே வருவது இன்னோர் அடையாளம். எண்ணெய் மூடியைத் திறந்தால் தே தாரிக் நிறத்தில் நுரை படிந்திருக்கலாம். ஆனால், குறுகிய தூரமே ஓடும் கார்களில் வெறும் ஈரத்தாலும் அந்த நுரை வரும். அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

பிறகு எதை வைத்து? பட்டறையில் ஒரு நீலத் திரவம் வைத்திருப்பார்கள். அதில் இருப்பது புரோமோதைமால் நீலம். அறிவியல் கூடத்தில் நீங்களும் பார்த்திருக்கலாம். எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரின் வாயிலிருந்து வரும் காற்றை அதன் வழியாக இழுப்பார்கள். காற்றில் கரிவளி மிகுந்திருந்தால் அது நீரில் கரைந்து அமிலமாகி, நீலம் மஞ்சளாகும். கூலண்டில் கரிவளி வரவேண்டிய வேலையே இல்லை. எரிந்த வாயு அங்கே புகுந்தால்தான் வரும்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள். அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால்தான் அந்த நீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் தளர்த்தினால் அழுத்தம் இறங்கும், கொதிநிலையும் கூடவே இறங்கும். உள்ளே உள்ளது அக்கணமே கொதித்து முகத்தில் பாயும்.

எல்லா வெண்புகைக்கும் கேஸ்கெட்டே காரணம் என்று சொல்லிவிட முடியாது. டீசல் லாரியில் கண்ணை எரிக்கும் வெண்புகை வந்தால், எரியாத டீசல் துளிகளாக வெளியேறுகிறது என்று பொருள். எண்ணெய் எரிந்தால் புகை நீலச் சாயல் கொள்ளும். அதன் துளிகள் மிகச் சிறியவை என்பதால் நீல ஒளியையே அதிகம் சிதறடிக்கின்றன.

“வெப்பமானியின் முள் நடுவில்தானே நிற்கிறது” என்று சொல்லி ஓட்டிக்கொண்டே போகிறவர்களும் உண்டு. அந்த முள்ளுக்குச் செய்தி அனுப்பும் உணரி, கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் அதன் வெப்பத்தைச் சரியாக அளக்கும். கூலண்ட் வற்றிப்போய் உணரி வெறும் ஆவியில் நின்றால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கக்கூடும். புகையையும் கூலண்ட் அளவையும் பார்த்தவருக்குத்தான் அப்போது உண்மை தெரியும்.