இடது கைக்கு ஒரு கத்தி

என் மூத்த பெண்ணுக்கு இடது கைப் பழக்கம். மாப்பிள்ளைக்கு ஜப்பானில், ஒசாகாவில் உத்தியோகம். அங்கே வாங்கிய காய்கறிக் கத்தியால் அவள் முள்ளங்கி நறுக்கினால் கத்தி கோணிக்கொண்டே போகும். இரண்டு தடவை விரலையும் பதம் பார்த்துவிட்டது! அவர்களுடைய பழைய பாணிக் கத்தியில் ஒரு பக்கம்தான் சாய்வாகத் தீட்டியிருக்கும்; மறுபக்கம் தட்டை. அதுவும் வலது கைக்காரர்களுக்கென்றே.

ஒசாகாவை அடுத்த சகாய் நகரத்தில் சொல்லிச் செய்துகொள்ளலாம் என்றார்கள். பிரசவத்துக்காகப் போயிருந்த நானும் கூடப் போனேன். அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் ஒருவர், பிடி போடுபவர் வேறொருவர். மிருதுவான இரும்பின் மேல் கடினமான எஃகை வைத்து, உலையில் காய்ச்சி ஒன்றாக அடித்துச் சேர்க்கிறார்கள். வெட்டுவது எஃகு; அது உடையாமல் தாங்குவது இரும்பு. பிறகு களிமண் பூசிக் காய்ச்சி, தண்ணீரில் தோய்க்கும்போது ‘சுர்’ரென்று சத்தம் வருகிறது பாருங்கள், எனக்குத் தோசைக்கல் ஞாபகம்தான்! இடது கைக்கென்றால் எல்லாமே பக்கம் மாறும். அதனால் விலையும் கூடுதல். மாப்பிள்ளை இப்போது அதைத் தொடக்கூடாது!

1876-ல் வாள் தரிக்கத் தடை வந்தபின் வாள் கொல்லர்கள் பலர் சமையலறைக் கத்திக்கு மாறினார்களாம்.

இந்த எஃகு சுலபமாகத் துருப்பிடிக்கும். எலுமிச்சம்பழம் நறுக்கினால் உடனே கழுவி, ஈரமில்லாமல் துடைத்துவிட வேண்டும். கல்லில் தீட்டும்போது சாய்வுப் பக்கத்தைத்தான் நன்றாகத் தீட்டுவது. தட்டைப் பக்கத்துக்கு லேசாக ஒரு தேய்ப்பு போதும்.