ஏழு நரம்பு

வத்தேகமவிலிருந்து கண்டிக்குச் செல்லும் பஸ்ஸிலே, என் பழைய மாணாக்கர் இருவர் முன்னாசனத்தில் வாதிட்டுக்கொண்டிருந்தனர். அமெரிக்காவின் அனகைம் நகரில், 1901இல் தோன்றிய வணிகர் சங்கம் நடத்தும் இசைக்கருவிக் காட்சியைப் பற்றியும் 'புரோகிரசிவ் மெட்டல்' இசையைப் பற்றியுமே பேச்சு.

இரைச்சலுக்கு இத்துணை ஆராய்ச்சியோ என்று கடிந்துகொள்ள வாயெடுத்தேன். 1990இல் ஐபனெஸ் நிறுவனம் ஸ்டீவ் வாயுடன் சேர்ந்து வெளியிட்ட ஏழு நரம்புக் கிற்றார் அவ்விசைக்குப் புதுவழி திறந்தது என்றான் ஒருவன். ஏழும் ஐந்துமாய் மாறிவரும் தாளமே அதன் உயிர் என்றான் மற்றவன்.

என் வாய் அடைத்தது. செங்கோட்டியாழுக்கும் நரம்பு ஏழே. அத்தாளங்கள் நம் மிச்ரமும் கண்டமும் அல்லவா? விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். நானோ நரம்பின் தொகையை மனனஞ் செய்வித்தேனேயன்றி, அதன் ஓசை எத்தகையதென ஒருநாளும் வினவினேனல்லேன்.

இறங்கும்போது, "தம்பிமாரே, அந்த இசையை எனக்கும் ஒருநாள் கேட்கத் தாருங்கள்" என்றேன்.

"சத்தம் கூட இருக்கும், சேர்!" என்று நகைத்தனர்.

இருக்கட்டும். ஓசையற்ற யாழைத்தானே இத்தனை ஆண்டு கற்பித்தேன்!