கடலுக்கு அடியில் பிறந்த பத்துமலை

பத்துமலையின் 272 படிகளில் பாதியைத் தாண்டினால் எனக்கு மூச்சு வாங்கும். நிற்கிற சாக்கில் பக்கத்துப் பாறையைப் பார்ப்பேன். சாம்பலும் வெள்ளையுமான கல். உடைந்த இடத்தில் சீனியைப் போல மினுக்கும். இது கடலுக்கு அடியில் உருவானது என்றால் என் அக்காள் பிள்ளைகள் நம்புவதில்லை.

சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. அதில் வாழ்ந்த சிப்பி, பவளம் போன்ற உயிர்களின் ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும் அடியில் படிந்தன. மேலே படிந்தவற்றின் பாரம் அழுத்த, அவை இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆயின.

அப்படியானால் பாறையில் சிப்பிகளைக் காணோமே என்பான் மூத்தவன். நல்ல கேள்விதான். நம் காலடியில் உள்ள பூமியின் மேலோடு ஒரே துண்டு அல்ல. பல தட்டுகளாக, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. தீபகற்ப மலேசியாவே இரண்டு நிலத்துண்டுகள் மோதி ஒட்டியதால் உருவானது. ஒட்டிய இடத்தின் தழும்பு பெந்தோங், ரவுப் வழியாகப் போகிறது. அந்த மோதலை ஒட்டி, ஆழத்தில் பாறை உருகிக் குழம்பாகி மேலெழுந்தது. வெளியே வராமல் மண்ணுக்குள்ளேயே மெல்ல ஆறி, சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் கருங்கல்லானது. கெந்திங் மலை அந்தக் கருங்கல்தான். அதன் சூட்டில் வெந்த சுண்ணாம்புக்கல் பளிங்காக மாறியது. சிப்பிகளின் உருவமும் பெரும்பாலும் அழிந்தது.

கருங்கல் ஆறும்போது கசிந்த சுடுநீர்தான் ஈயத்தையும் கொண்டுவந்து சேர்த்தது. மழை அதை அரித்து ஆற்றுப் படுகைகளில் கொட்டியது. 1857-இல் அந்த ஈயத்தைத் தேடித்தான் சுரங்கத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகேறி வந்தார்கள். கோலாலம்பூர் பிறந்த கதையே அதுதான்.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று: உடைந்த பளிங்குத் துண்டைப் பொடித்து வினிகர் விடுங்கள், நுரைக்கும். கருங்கல் நுரைக்காது. (கோயில் மலையில் வேண்டாம்!) மழைநீரிலும் இலேசான அமிலம் உண்டு. அது விரிசல்களில் இறங்கிக் கல்லைக் கரைத்துத்தான் குகைகள் உண்டாயின. கரைந்த சுண்ணாம்பே சொட்டுச் சொட்டாகப் படிந்து, கூரையிலிருந்து விழுதுகளாகத் தொங்குகிறது.

ஒரு காலத்தில் பத்துமலையிலும் கல் உடைத்தார்கள், பிறகு நிறுத்தப்பட்டது. சிமெண்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நான் குடியிருக்கும் அடுக்குமாடியும் சிமெண்ட்தான். ஆனால் எந்த மலையை உடைப்பது, எதை விடுவது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். பத்துமலையின் இருட்டுக் குகையில் உலகின் மிக அரிய சிலந்திகளுள் ஒன்று வாழ்கிறது. மற்றக் குன்றுகளில் என்னென்ன வாழ்கின்றன என்று முழுதாகப் பார்ப்பதற்குள் வெடி வைத்துவிடுகிறோம். ஈப்போவுக்குப் போகும்போது சிம்பாங் பூலாய் அருகே நெடுஞ்சாலையிலிருந்து பாருங்கள்: பச்சைக் குன்றுகளின் பக்கவாட்டில் வெட்டிய இடம் வெள்ளையாகத் தெரியும்.