மேல்மலை வெயிலுக்கு எந்தத் தொப்பி?

கோடைக்குத் தொப்பி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வெப்பத்தையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். பழனியிலோ வத்தலக்குண்டிலோ சித்திரை வெயிலில் நடக்கிறவருக்கு அந்த அளவுகோல் ஓரளவு பொருந்தவும் செய்கிறது. அதையே மலைமேல் கொண்டுபோனால் அது பொய்த்துவிடுகிறது. கொடைக்கானல் நகரிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர் சென்றால் வரும் கவுஞ்சி, மேல்மலை என்று அழைக்கப்படும் பகுதியில் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் அமைந்த வேளாண் ஊர். பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் படிப்படியான நிலங்களில் விளையும் இவ்வூரில், கோடை நண்பகலிலும் காற்று உடலை வருத்துவதில்லை என்பதால், வெயில் என்பது கீழ்நாட்டுக்காரர்களின் துன்பம் என்ற எண்ணம் எளிதில் வேரூன்றிவிடுகிறது. தோலும் கண்ணும் அந்த எண்ணத்துக்குக் கட்டுப்படுவதில்லை.

வெயிலில் நிற்பவரைத் தாக்குவன இரண்டு. ஒன்று வெப்பம், மற்றொன்று புறஊதாக் கதிர், அதாவது ஊதா நிற ஒளியைவிட அலைநீளம் குறைந்ததும், கண்ணால் காணவோ தோலால் சூடாக உணரவோ முடியாததுமான கதிர். சமவெளியில் இவ்விரண்டும் சேர்ந்தே கூடிக் குறைவதால் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மதிப்பிடலாம். மலை ஏற ஏற இவை எதிரெதிர்த் திசையில் பிரிந்து போகின்றன. உயரம் 1,000 மீட்டர் கூடும்போது காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. கதிரை வடிகட்டும் காற்றுப் படலம் மெலிந்துபோவதால் புறஊதாவின் செறிவோ ஏறத்தாழ 10 விழுக்காடு மிகுகிறது. ஆகவே கடல்மட்டத்து ஊர் ஒன்றோடு ஒப்பிட்டால் கவுஞ்சியின் காற்று 13 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தும், அதன் வெயிலில் புறஊதா ஐந்தில் ஒரு பங்கு மிகுந்தும் இருக்கும் என்று கணக்கிடலாம்.

இந்த மெல்லிய, தூசி குறைந்த காற்றின் அருமையை வானியலாளர்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அறிந்திருந்தனர். சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தின் வழித்தோன்றலாக 1899-இல் கொடைக்கானலில் 2,343 மீட்டர் உயரத்தில் சூரிய ஆய்வகம் நிறுவப்பட்டது. சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்ததும் இங்கேதான். சூரியனைத் துலக்கமாகப் பார்க்க உதவும் காற்று, சூரியனைத் துலக்கமாகத் தோலின் மேல் இறக்கவும் செய்கிறது என்பதை அந்த மலைக்கு வருகிறவர்களில் மிகச் சிலரே எண்ணிப் பார்க்கின்றனர்.

இடத்தின் அகலாங்கும் இதில் சேர்ந்துகொள்கிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் பழனி மலைத்தொடர் இருப்பதால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வருகிறது. கதிர் சாய்ந்து வராமல் காற்றின் மிகக் குறுகிய தடிமனைக் கடந்து இறங்கும் காலம் அது. உலக சுகாதார நிறுவனம் முதலான அமைப்புகள் வகுத்துள்ள புறஊதாக் குறியீட்டில் 3-ஐத் தொட்டாலே காப்பு தேவை, 8 முதல் 10 வரை மிகக் கடுமை, 11-உம் அதற்கு மேலும் உச்சக் கடுமை என்று கொள்ளப்படுகிறது. வெப்பமண்டல மலைகளில் தெளிந்த கோடை நண்பகலில் இந்த எண் 11-ஐத் தாண்டுவது இயல்பானதே. மேல்மலையில் அடிக்கடி கவியும் மூட்டமும் முழுக் காப்பாகாது, ஏனெனில் மெல்லிய மேகத்தை ஊடுருவிப் புறஊதாவில் 80 விழுக்காடு வரை கீழே வந்துவிடக்கூடும்.

மேல்மலைக்கான தொப்பியில் முதலில் பார்க்க வேண்டியது, அது தலையைக் குளிர்விக்கிறதா என்பதன்று, எவ்வளவு பரப்புக்கு நிழல் தருகிறது என்பதே. விளிம்பின் அகலம் இங்கே முடிவு செய்யும் அளவு. 1992-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, தலைவடிவப் பொம்மைகளின் மேல் தொப்பிகளை வைத்து அளந்தபோது, 2.5 சென்டிமீட்டருக்குக் குறைந்த விளிம்பால் முகத்துக்குச் சொல்லத்தக்க பயன் இல்லை என்றும், 7.5 சென்டிமீட்டரைத் தாண்டிய விளிம்பு மூக்கில் விழும் கதிரை ஏழில் ஒரு பங்காகவும், கழுத்தில் ஐந்தில் ஒரு பங்காகவும், கன்னத்தில் மூன்றில் ஒரு பங்காகவும் குறைக்கிறது என்றும் கண்டது. முகவாய்க்குக் கிடைத்ததோ பாதிக் குறைவு மட்டுமே. முன்புறம் மட்டும் மடல் நீட்டிய, விளம்பரத்துக்காக இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டுத் தொப்பி மூக்கையும் நெற்றியையும் காத்துவிட்டு, காதையும் பிடரியையும் வெயிலுக்கு விட்டுவிடுகிறது; அது பரவலாக அணியப்படுவதற்குக் காரணம் அதன் தகுதியல்ல, விலையின்மை.

ஆனால் மேற்சொன்ன அளவுகள் நிமிர்ந்திருக்கும் தலைக்கு உரியவை. கவுஞ்சியின் பூண்டுப் பாத்தியில் களை எடுப்பவரோ, உருளைக்கிழங்கு பொறுக்குபவரோ நாளின் பெரும்பகுதி குனிந்தே இருக்கிறார். குனிந்த உடலில் முகம் மண்ணைப் பார்க்க, பிடரியும் காதின் பின்புறமும் மேல்முதுகும் உச்சிச் சூரியனுக்கு நேராகத் திரும்புகின்றன. அந்நிலையில் முன்விளிம்பு எவ்வளவு அகன்றிருந்தாலும் பயனில்லை. பின்விளிம்பே உண்மையான வேலையைச் செய்கிறது, அதுவும் தொப்பி கழன்று முன்னால் விழாமல் இருந்தால்தான். எனவே குனிந்து செய்யும் வேலைக்கு உரிய தொப்பியில் இரண்டு உறுப்புகள் கட்டாயம் இருக்க வேண்டும்: முகவாய்க்குக் கீழே முடியும் நாடா, பிடரியை மூடித் தோள்வரை தொங்கும் துணி. கடைகளில் மீன்பிடிப்பவர் தொப்பி, மலையேற்றத் தொப்பி என்ற பெயர்களில் விற்கப்படுவனவற்றுள் சில இவ்வமைப்பைக் கொண்டிருந்தாலும், உழைப்பவர்களின் கைக்கு அவை அரிதாகவே போய்ச் சேருகின்றன.

உழைப்பவர்களிடம் ஏற்கெனவே உள்ள தலையணிகளைத் தாழ்வாக எண்ணவும் இடமில்லை. துண்டை முக்காடாகப் போட்டு அதன் முனையைப் பிடரியில் தொங்கவிடும் வழக்கம், விலை உயர்ந்த தொப்பிகள் செய்வதையே செய்கிறது. பெண்கள் சேலைக்கு மேல் அணியும், ஆண்களுக்கான முழுக்கைச் சட்டை முதுகையும் கையையும் காக்கிறது. சாக்கின் ஒரு மூலையை உள்ளே தள்ளி மடித்து, தலையிலிருந்து இடுப்புவரை தொங்கும்படி செய்துகொள்ளும் கொங்காணி, மழைக்காக எழுந்ததாயினும், பின்புறத்தை முழுவதும் மறைப்பதில் அதற்கு இணை இல்லை. தலைச்சுமைக்கு அடியில் வைக்கும் சும்மாடு விளிம்புத் தொப்பியோடு ஒத்துப்போகாது என்பதால், சுமை தூக்குபவர்களுக்கு முண்டாசே பொருத்தம். இந்தத் துணிகளின் குறை ஒன்றுதான்: முகத்துக்கு நிழல் இல்லை. முக்காடிட்ட துண்டின் மேலேயே அகன்ற விளிம்புள்ள ஓலைத் தொப்பியை வைத்து நாடாவால் கட்டிக்கொண்டால் அந்தக் குறையும் நீங்கிவிடுகிறது. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் வயல்களில் பெண்கள் துணிக்கு மேல் கூம்புத் தொப்பி அணிவதும் இதே முறையில்தான்.

துணியைத் தேர்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு துணி தன்மேல் விழும் புறஊதாவில் எத்தனையில் ஒரு பங்கை உள்ளே விடுகிறது என்பதைக் குறிக்கும் எண்ணுக்குப் புறஊதாக் காப்பு எண் என்று பெயர். 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு மட்டும் ஊடுருவுகிறது என்று பொருள். மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணிக்கு இந்த எண் பெரும்பாலும் பத்துக்குள் அடங்கிவிடும், நனைந்தால் இன்னும் இறங்கும். நெருக்கமாக நெய்த காடாவும் ஜீன்ஸ் துணியும் அதைவிடப் பன்மடங்கு காக்கின்றன. பொறிக்கப்பட்ட எண் இல்லாத தொப்பியைச் சோதிக்க எளிய வழி, அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பதாகும்: சல்லடையாகத் தெரியும் பின்னலின் ஒவ்வொரு கண்ணும் கதிருக்கு வாசல். அழகுக்காக இடைவெளி விட்டுப் பின்னிய ஓலைத் தொப்பிகள் பல இச்சோதனையில் தோற்றுவிடுகின்றன. ஈர்க்கு நெருங்கப் பின்னிய பனை ஓலைத் தொப்பி தேறிவிடுகிறது.

கொடைக்கானலுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் ஏரிக்கரையில் வாங்கி மாட்டிக்கொள்ளும் கம்பளிக் குல்லாவைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். கம்பளி இழை புறஊதாவை நன்றாகத் தடுக்கக்கூடியது. கவுஞ்சிக்கு அருகில் உள்ள மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிலையம் 1965 முதல் இயங்கிவருவதால் இப்பகுதிக்கும் கம்பளிக்கும் பழைய உறவும் உண்டு. எனினும் விளிம்பில்லாத குல்லா, மயிரால் ஏற்கெனவே மூடப்பட்ட உச்சந்தலையை மூடிவிட்டு, மூக்கையும் கன்னத்தையும் கண்ணையும் வெறுமையாக விட்டுவிடுகிறது. மன்னவனூர்ப் புல்வெளியில் பகல் முழுதும் குல்லாவோடு நடந்த பயணி, மாலையில் முகம் கன்றிச் சிவப்பதற்கோ கறுப்பதற்கோ குளிர் காற்றைக் குறைசொல்வது வழக்கம். குல்லா இரவுக்கும் விடியலுக்கும் உரியது.

சமவெளியில் கணக்கு மாறுகிறது. அங்கே நிழலோடு காற்றோட்டமும் வேண்டும், ஏனெனில் உடல் தன்னைக் குளிர்விக்கும் முதன்மை வழி வியர்வை ஆவியாவதே. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டுப் போகிறது, தலையை இறுக மூடும் தொப்பி அந்த ஆவியாதலைத் தடுக்கிறது. இந்தச் சிக்கலுக்கு இந்தியாவில் உருவான விடைகளில் புகழ்பெற்றது சோலாத் தொப்பி. சதுப்பிலும் குளங்களிலும் வளரும் நெட்டிச் செடியின் தண்டில் உள்ள, காற்றறைகள் நிறைந்த வெண்சோற்றினால் அதன் ஓடு செய்யப்பட்டது; தலையைச் சுற்றும் உள்வளையத்துக்கும் ஓட்டுக்கும் இடையே இடைவெளியும், உச்சியில் காற்றுத் துளையும் அமைந்திருந்தன. புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடுகளும் இதே பொருளிலிருந்து எழுந்த கலையே. சூரியனின் தனிவகைக் கதிர் மண்டையோட்டைத் துளைத்து மூளையைத் தாக்குகிறது என்ற தவறான கொள்கையால், தொப்பியின்றி வாசலைத் தாண்டவே அஞ்சிய ஐரோப்பியர்கள் அன்று இருந்தனர். அக்கொள்கை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செல்வாக்கிழந்தது, அதோடு தொப்பியும் மறைந்தது. கொள்கை பொய்யாயினும் தொப்பியின் கட்டமைப்பு மெய்யானது: எடை குறைவு, வெப்பம் கடத்தாமை, தலைக்கும் கூரைக்கும் நடுவே காற்று. இன்றும் சமவெளிக்கு வாங்குபவர் இம்மூன்றையே தேட வேண்டும்.

நிறத்திலும் மலையும் சமவெளியும் வேறுபடுகின்றன. அடர்நிறச் சாயம் புறஊதாவைக் கூடுதலாக உறிஞ்சினாலும் வெப்பத்தையும் சேர்த்தே உறிஞ்சுவதால், சமவெளிக்கு மேற்புறம் வெளிர்நிறமும், தரையிலிருந்து எதிரொளித்து வரும் வெளிச்சம் கண்ணில் விழாதபடி விளிம்பின் அடிப்புறம் அடர்நிறமும் உகந்தவை. கவுஞ்சியில் அடர்நிறம் ஒரு குறையே அல்ல.

அளவெடுப்பதற்குப் புருவத்துக்கும் காதுக்கும் சற்று மேலாக நாடாவைச் சுற்றினால் போதும்; பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 54 முதல் 60 சென்டிமீட்டருக்குள் வரும், அதோடு ஒரு விரல் நுழையும் தளர்வு வேண்டும். கொண்டை போடும் பெண்களை மனத்தில் கொண்டு தொப்பிகள் செய்யப்படுவதில்லை என்பது வெளிப்படை. பின்புறம் திறப்புள்ளதோ உச்சி உயர்ந்ததோ கிடைக்காதபோது, முடியைத் தாழ்த்திப் பின்னிக்கொள்வதே வழி. தேங்காய் எண்ணெய் தேய்க்கும் தலைக்கு, கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தி உள்பட்டை அவசியம். இல்லையேல் எண்ணெயும் வியர்வையும் புழுதியும் கலந்து நெற்றியில் பருவும் அரிப்பும் தோன்றும்.

கருமை மிகுந்த தோலுக்கு வெயில் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. தோலின் நிறமி கன்றுவதைத் தாமதப்படுத்துகிறது. ஆனால் கன்னத்தில் படரும் மங்கு என்னும் கருந்திட்டை அதனால் தடுக்க முடிவதில்லை, கண்புரைக்கும் வெண்விழியில் சதை வளர்வதற்கும் நீண்டகாலப் புறஊதா ஒரு காரணம் என்பதிலிருந்து கண்களுக்கு எந்த நிறமும் விலக்கு அளிப்பதில்லை.

நிழல் ஆளின் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் கடுமையான நேரம் என்பது எளிய விதி. ஏப்ரல் நடுவில் கவுஞ்சியில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12.20 அளவில் என்பதால், அந்த நேரம் காலை 9.20 முதல் பிற்பகல் 3.20 வரை நீள்கிறது. தோட்ட வேலை நேரத்தின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடுகிறது. விதைப்பூண்டுக்கும் உரத்துக்கும் மருந்துக்கும் கணக்குப் போடும் தோட்டக்காரர்கள், வேலைக்கு வருவோருக்கு நாடாவும் பிடரித் துணியும் உள்ள ஆளுக்கொரு தொப்பியையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.